வயசான பூனைக்குச் சர்க்கரை, கூடவே பல் பிரச்சினை: வீட்டில் எப்படிச் சமாளிப்பது

எங்கள் பூனை பூசணிக்குச் சர்க்கரை இருப்பதை முதலில் கண்டுபிடித்தது எறும்பு. குளியலறை மூலையில் அவன் மூத்திரம் போய்வைத்த இடத்தில் கறுப்பாக எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது, நான் எறும்புப் பொடியைத் தேடிக்கொண்டிருந்தேன். 15 வருஷமாகச் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பொடி அப்புறம் போடலாம்டா, முதல்ல இவனைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட போ" என்றார்.

பூசணி ஆரஞ்சு நிற ஆண் பூனை, கருத்தடை ஆனவன், அப்போது 12 வயது, நல்ல காலத்தில் 7 கிலோ. வயது, ஆண், கருத்தடை, பருமன், வீட்டைவிட்டு வெளியே போகாத வாழ்க்கை என்று பூனைக்குச் சர்க்கரை வர என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அவனிடம் இருந்தன. நாங்கள் கவனிக்காமல் விட்டது இன்னொன்று. அதற்கு ஏழெட்டு மாதம் முன்பே அவனுக்கு வாய்ப்புண் வந்து, ஒரு கிளினிக்கில் நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியை மூன்று தடவை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு மாதம் அவன் ராஜா மாதிரி சாப்பிட்டான், நாங்களும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தோம். ஸ்டீராய்டு இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும் என்பதும், ஏற்கெனவே விளிம்பில் நிற்கிற பூனையை அது சர்க்கரைக்குள் தள்ளிவிடும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. வாய் தனி, சர்க்கரை தனி என்று நினைத்துக்கொண்டு ஒரு வருஷத்தை வீணடித்தோம். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்வதெல்லாம் வீட்டில் நடக்கிற பாதி.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது

நிறையத் தண்ணீர் குடிப்பது, நிறைய மூத்திரம் போவது, நிறையச் சாப்பிட்டும் இளைப்பது. இந்த மூன்றும் சேர்ந்தால் காத்திருக்காதீர்கள். தண்ணீரை அளப்பது சுலபம்: காலையில் அளவு ஜாடியில் ஊற்றி வையுங்கள், மறுநாள் மீதியை அளந்து கழியுங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது நிச்சயமாக அதிகம், ஈர உணவு சாப்பிடும் பூனை என்றால் அதில் பாதியே சந்தேகத்துக்குப் போதும். மணல் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு மூத்திரத்தில் இறுகிய மணல் கட்டியின் அளவே சொல்லிவிடும், எலுமிச்சை அளவில் இருந்தது சாத்துக்குடி அளவுக்கு வந்திருக்கும். முடி சொரசொரப்பாகி முதுகில் பொடுகு தெரியும். சில பூனைகள் பின்னங்காலின் குதிகால் தரையில் படும்படி தாழ்ந்து நடக்கும், கட்டில்மேல் தாவ யோசிக்கும். வயசாகிவிட்டது, மூட்டுவலி என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்வோம். அது பெரும்பாலும் சர்க்கரை நரம்பைத் தாக்கியதால் வருவது, சர்க்கரை கட்டுக்குள் வந்தால் மெல்ல மெல்லச் சரியாகும்.

கிளினிக்கில் ஒரே ஒரு தடவை பார்த்த சர்க்கரையை வைத்து முடிவுக்கு வந்துவிடக்கூடாது. பூனைக்குச் சாதாரணமாக 80 முதல் 120 வரை இருக்கும், ஆனால் கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய் குரைக்கிற இடத்தில் உட்காரவைத்தால் பயத்திலேயே 300ஐத் தாண்டும். அதனால்தான் ஃப்ரக்டோசமைன் என்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். கடந்த இரண்டு வாரம் போலச் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று அது காட்டும், அன்றைய பயம் அதில் ஏறாது. ரத்தத்தில் சுமார் 250க்கு மேல் போனால்தான் சிறுநீரகம் சர்க்கரையைத் தாங்காமல் வெளியே விடும், ஆகவே வீட்டில் அமைதியாக இருக்கும்போது நாள்தோறும் எறும்பு வருகிறது என்றால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூடவே சிறுநீரகம், தைராய்டு, சிறுநீர் கல்ச்சர் மூன்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். வயசான பூனைக்குத் தைராய்டு அதிகமானாலும் தின்று தின்று இளைக்கும், சர்க்கரைப் பூனைக்குச் சிறுநீரில் கிருமி சேர்வதும் சகஜம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பூனைக்கு வருவது பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகைச் சர்க்கரையைப் போன்றது. கணையம் முழுக்கச் செத்திருக்காது, அதிகச் சர்க்கரையில் அடிபட்டுச் சுருண்டு கிடக்கும். சீக்கிரமே சர்க்கரையை இறக்கினால் அது எழுந்துகொள்ளும், சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போகும். முதல் சில மாதங்களில் மெத்தனம் காட்டாதீர்கள் என்று டாக்டர்கள் விரட்டுவது இதனால்தான்.

இன்சுலின், முக்கியமாக அந்தச் சிரிஞ்சு

பூனைகளுக்கு அதிகம் கொடுக்கப்படுவது கிளார்ஜின் என்ற இன்சுலின், மனிதர்களுக்கான மருந்துக் கடையிலேயே கிடைக்கும். 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் ஒரு யூனிட்டில் தொடங்குவார்கள். ஒரு யூனிட் என்பது ஒரு துளியைவிடவும் குறைவு, கண்ணுக்கே சரியாகத் தெரியாது, அதனால்தான் சிரிஞ்சு விஷயத்தில் ஏமாறுகிறோம்.

நம் ஊரில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சு உண்டு. சிவப்பு மூடி போட்டது ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கிற இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி போட்டது ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கிற இன்சுலினுக்கு. அம்மா போடும் குப்பி 40, அதற்கான சிவப்பு மூடிச் சிரிஞ்சு வீட்டில் டஜன் கணக்கில் இருந்தது. பூசணியின் கிளார்ஜினோ ஒரு மில்லிக்கு 100 யூனிட். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார் கடையில் இருந்தவர். ஒன்றே இல்லை. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு கோடு அளவுக்கு இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். நாலரை கிலோ பூனைக்கு அது உயிரோடு விளையாடுவது. குப்பியில் எழுதியிருக்கும் எண்ணும் சிரிஞ்சில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு புதுப் பாக்கெட்டிலும் பாருங்கள். கிளார்ஜினிலேயே 300 யூனிட் வகை ஒன்றும் விற்கிறது, அது வேண்டாம். எங்கள் வீட்டில் இப்போது அம்மாவின் சிரிஞ்சு பூஜை அறை அலமாரியில், பூசணியின் சிரிஞ்சு சமையலறை மேல்தட்டில். 0.3 மில்லிச் சிரிஞ்சு, அரை யூனிட் கோடு போட்டது கிடைத்தால் அதையே வாங்குங்கள், தேட வேண்டியிருக்கும்.

கிளார்ஜின் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும், கலங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள். குலுக்கக்கூடாது, வேறு எதோடும் கலக்கக்கூடாது. குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி, ஃப்ரீசரை ஒட்டி வைக்க வேண்டாம், உறைந்தால் போச்சு. மின்சாரம் போனால் பதற வேண்டியதில்லை. 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் திறந்த கிளார்ஜின் 28 நாள் தாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து சென்னையில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, ஒரு சின்ன மண்பானைக்குள் டப்பாவில் வைத்து மேலே ஈரத்துணி போட்டு வைத்திருந்தோம். மே மாதம் அந்தக் கதை நடக்காது, ஐஸ் பை தயாராக இருக்கட்டும், ஆனால் மருந்து ஐஸை நேராகத் தொடாதபடி நடுவில் துணி வையுங்கள்.

ஊசி போடுவது நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டம் இல்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்து, அவன் குனிந்ததும் விலாப் பக்கத்துத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, அந்தக் கூடாரத்தின் வாசலில் ஊசியை விட்டால் போதும். பிடரியிலேயே தினமும் போடாமல் இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். முடி நனைந்தது, மருந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடவே போடாதீர்கள். ஒரு வேளை ஊசி தவறினால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான், இரண்டு தடவை போட்டுவிட்டால் பூனையே போய்விடலாம். வீட்டில் இரண்டு பேர் மாறி மாறிப் போடுகிறவர்கள் காலண்டரில் டிக் அடித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். போட்ட ஊசியைக் குப்பைப் பையில் அப்படியே போடாதீர்கள், குப்பை எடுக்க வருபவர் கையில் குத்தும், கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து மூடி கிளினிக்கிலேயே கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் சர்க்கரை பார்ப்பதைக் கற்றுக்கொள்ளுங்கள், இதைத்தான் நான் யாரைப் பார்த்தாலும் கெஞ்சுவேன். காது மடலின் வெளி ஓரமாக ஒரு மெல்லிய ரத்தக்குழாய் ஓடும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அரை நிமிஷம் காதில் வைத்து, பின்பக்கம் ஒரு பஞ்சை முட்டுக்கொடுத்து, ஓரத்தில் குத்தினால் ஒரு சொட்டு வரும். முதல் வாரம் நாலு தடவை குத்தினால் ஒரு தடவை வந்தது, இப்போது தூங்கிக்கொண்டே காட்டுகிறான். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்துத்தான் காட்டும், பூனைக்கென்று அளவுபடுத்திய மீட்டரும் இருக்கிறது. எது வைத்திருந்தாலும் அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள், எந்த மீட்டர் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசிக்கு முன்னால் எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் போடக்கூடாது என்பதையும் அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

சாப்பாடு: தயிர்சாதம் போதும் என்கிற பேச்சு

நம் வீட்டுப் பூனைகள் சோற்றில் வளர்ந்தவை. மீன் குழம்புச் சோறு, தயிர்சாதம், பால், பிஸ்கட். பூனையின் உடம்பு மாவுச்சத்துக்காகச் செய்யப்பட்டதே இல்லை, அது முழுக்க முழுக்க மாமிசம் தின்னும் பிராணி. சர்க்கரைப் பூனைக்கு மாவுச்சத்து குறைவாகவும் புரதம் அதிகமாகவும் இருக்கிற ஈர உணவு வேண்டும், மொத்தக் கலோரியில் மாவுச்சத்து சுமார் 12 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. பாக்கெட்டில் வரும் உலர் உணவு பெரும்பாலும் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. குழம்பாக ஊற்றுகிற பவுச் வகைகளிலும் சிலதில் மாவு கலந்திருக்கும், கூழ் மாதிரி இருப்பது பெரும்பாலும் பரவாயில்லை.

வேகவைத்த கோழியை மட்டும் கொடுத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். நாலு நாள் போதும், நாற்பது நாள் போதாது. கால்சியம் இருக்காது, டாரின் என்ற சத்து வேகவைத்த தண்ணீரோடு போய்விடும், அது இல்லாமல் பூனையின் கண்ணும் இதயமும் கெடும். ஈரலை நிறையக் கொடுத்தால் வைட்டமின் ஏ ஏறி எலும்பைக் கெடுக்கும். ஆகவே முழுச்சத்துள்ள உணவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, கோழியையும் வேகவைத்த மத்தியையும் லஞ்சமாகப் பயன்படுத்துங்கள். லஞ்சம் நிறைய வேண்டியிருக்கும்.

உணவைத் திடீரென்று மாற்றாதீர்கள். ஏற்கெனவே இன்சுலின் போகிற பூனைக்கு மாவுச்சத்தைச் சடாரென்று நிறுத்தினால் அதே அளவு இன்சுலின் திடீரென அதிகமாகிவிடும், சர்க்கரை விழுந்துவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, சில நாள் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொண்டே மாற்றுங்கள். குண்டுப் பூனையைப் பட்டினி போட்டு இளைக்கவைப்பது அதைவிட மோசம். இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் பூனையின் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

சர்க்கரை ஏன் இறங்கவில்லை? வாயைத் திறந்து பாருங்கள்

பூசணிக்கு ஒரு யூனிட்டில் தொடங்கி மூன்று யூனிட் வரை போனோம், மீட்டர் 350க்குக் கீழே வர மறுத்தது. உணவு சரி, ஊசி சரி, மருந்து புதுசு. இரண்டாவதாகப் போன டாக்டர் உதட்டைத் தூக்கிப் பார்த்த பத்து நொடியில் காரணம் சொல்லிவிட்டார். ஈறு முழுக்கச் சிவந்து, கடைவாயில் பழுப்புக் காரை கட்டி, ஒரு இடத்தில் சீழ்.

உடம்பில் எங்காவது நாள்பட்ட வீக்கமும் சீழும் இருந்தால் இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காது. சர்க்கரை ஏறியிருந்தால் ஈறு கிருமியை எதிர்க்காது. இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும், நாம் நடுவில் யூனிட்டை ஏற்றிக்கொண்டே இருப்போம்.

"சாப்பிடுகிறானே, பல் வலித்தால் சாப்பிடுவானா?" நானும் இதைத்தான் கேட்டேன். சர்க்கரைப் பூனைக்குப் பசி வெறி பிடித்த பசி, வலியோடும் சாப்பிடும். உலர் உணவைக் கடிக்காமல் அப்படியே விழுங்கும், கவனித்தீர்களானால் வாந்தியில் முழுசு முழுசாக வரும். தலையை ஒரு பக்கம் சாய்த்து மெல்லும், வாயிலிருந்து துண்டு விழும், தட்டை நோக்கி ஓடிப்போய் ஒரு வாய் வைத்ததும் பின்வாங்கிச் சீறும். எச்சில் ஒழுகும், முகத்தைக் காலால் தேய்க்கும், நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடும். பூனை வாய் என்றால் நாறத்தான் செய்யும் என்பது பொய், ஆரோக்கியமான வாய் அவ்வளவு நாறாது.

வாரத்துக்கு ஒரு தடவை பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பின்னாலிருந்து தலையைக் கையில் ஏந்தி, கட்டை விரலால் மேல் உதட்டை மட்டும் தூக்கினால் போதும், வாயைப் பிளக்க வேண்டாம். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு இருந்தால் அது தொடக்கம். கீழ்த்தாடையில் கோரைப்பல்லுக்குப் பின்னால் முதலில் வரும் கடைவாய்ப் பல்லைக் குறிப்பாகப் பாருங்கள். ஈறு வளர்ந்து பல்லின்மேல் ஏறியிருப்பதுபோலத் தெரிந்தால், அது பல் தானாகவே உள்ளுக்குள் கரைகிற நோயாக இருக்கலாம். வயசான பூனைகளுக்கு இது ரொம்பச் சாதாரணம், பயங்கரமாக வலிக்கும், மயக்கத்தில் இருக்கும்போதுகூட அந்த இடத்தைத் தொட்டால் தாடை வெடவெடக்கும். சொத்தை மாதிரி அடைக்க முடியாது, பிடுங்கத்தான் வேண்டும்.

வீட்டு வைத்தியத்தில் ஒன்றிரண்டு பூனையைக் கொன்றுவிடும், அதனால் அழுத்திச் சொல்கிறேன். பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் தடவாதீர்கள், அந்த மாதிரிப் பொருள்களை உடைத்து வெளியேற்ற பூனையின் ஈரலுக்குத் தெரியாது. பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூட வேண்டாம், அரை மாத்திரையும் வேண்டாம். நம் பற்பசையும் வேண்டாம், அவர்கள் துப்பமாட்டார்கள். டாக்டர் டாக்சிசைக்ளின், கிளிண்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லியை மாத்திரையாகக் கொடுத்தால், விழுங்கவைத்த உடனே சிரிஞ்சில் ஐந்து மில்லி தண்ணீர் கொடுங்கள், இல்லையென்றால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். சிரப் என்றால் அதில் சர்க்கரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

பல் ஆபரேஷன் நாள்

சர்க்கரை நன்றாக இறங்கட்டும், அப்புறம் பல்லைப் பார்க்கலாம் என்று ஒத்திப்போடுகிறோம். பல்லை வைத்துக்கொண்டு சர்க்கரை இறங்காது, சர்க்கரை இறங்காததால் பல்லைத் தொடமாட்டோம், இப்படியே ஒரு வருஷம் ஓடும், எங்களுக்கு ஓடியது. பூனை சாப்பிட்டுக்கொண்டு, வாந்தி இல்லாமல், சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேர்வது) இல்லாமல், ஓரளவு நிலையாக இருந்தால் போதும், எண் அழகாக இருக்க வேண்டியதில்லை என்பது எங்கள் டாக்டரின் வழி. எனக்கும் அது சரியாகப் படுகிறது.

மயக்கம் கொடுக்காமல் வெளியே தெரியும் காரையை மட்டும் சுரண்டிவிடுவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பல் வெள்ளையாகத் தெரியும், ஈறுக்குக் கீழே இருக்கிற சீழ் அப்படியே இருக்கும், பூனைக்கு வாழ்நாள் பயமும் மிச்சம். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, பல் எக்ஸ்ரே உண்டா என்பது. வேர் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் பிடுங்கினால் துண்டு உள்ளேயே தங்கும். மூச்சுக்குழாயில் டியூப் வைத்துத்தான் செய்வார்களா, மயக்கத்தில் இருக்கும்போது சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார்களா என்றும் கேளுங்கள். வாயைத் திறந்தே வைக்க ஸ்பிரிங் கிளிப் போடுகிறார்களா என்று கேட்டால் முறைத்துப் பார்ப்பார்கள், பரவாயில்லை கேளுங்கள். பூனையின் வாயை அகலமாக நெடுநேரம் பிளந்துவைத்தால் மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டுப் பார்வை போன பூனைகள் உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும்.

அன்றைக்கு முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். எத்தனை மணி நேரம் பட்டினி, காலை இன்சுலின் எவ்வளவு என்பதை முந்தின நாளே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பல டாக்டர்கள் வழக்கமான அளவில் பாதி சொல்வார்கள். நாமாக முழு அளவும் போட்டுவிட்டுப் பட்டினியோடு கூட்டிப்போவதுதான் நடக்கக்கூடாதது.

பூசணிக்கு ஏழு பல் போயிற்று. பூனைக்கு மொத்தமே 30 பல்தான், கால்வாசி போய்விட்டதே என்று எனக்கு அழுகை. அவன் அன்று ராத்திரியே மத்திக் கூழை நக்கிச் சாப்பிட்டான். பல்லே இல்லாத பூனைகளும் ஈர உணவை நிம்மதியாகச் சாப்பிடும், வலி இருக்கிற பல்லைவிட இல்லாத பல் மேல். 24 மணி நேரத்துக்குள் சாப்பிடாவிட்டால் மட்டும் உடனே டாக்டருக்கு போன் போடுங்கள்.

அதற்கு அடுத்த வாரங்கள்தான் கவனம் தேவைப்படுகிற காலம், எங்களுக்கு இதை யாரும் போதிய அளவு சொல்லவில்லை. சீழ் போனதும் உடம்பு இன்சுலினைக் கேட்க ஆரம்பித்துவிடும், நேற்றுவரை போதாமல் இருந்த மூன்று யூனிட் இன்று அதிகம். பத்தாம் நாள் சாயங்காலம் பூசணி சமையலறை வாசலில் குடித்தவன் மாதிரி தள்ளாடினான், மீட்டரில் 48. ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது ஒரு மாதம் ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் சர்க்கரை பாருங்கள், எண் இறங்கத் தொடங்கியதும் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சர்க்கரை விழுந்தால்

தள்ளாட்டம், நடுக்கம், வெறித்த பார்வை, காரணமில்லாமல் கத்துவது, மோசமானால் வலிப்பு. 60க்குக் கீழே என்றால் அவசரம். மீட்டர் கையில் இல்லாவிட்டாலும் இந்த அறிகுறிகள் இருந்தால் யோசிக்க வேண்டாம். விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சாப்பாடு கொடுங்கள். இல்லையென்றால் தேனையோ சர்க்கரைப் பாகையோ விரலில் எடுத்து ஈறிலும் உதட்டின் உள்பக்கத்திலும் தடவுங்கள், தொண்டைக்குள் ஊற்றாதீர்கள், வலிப்பு வந்திருந்தால் விரலை வாய்க்குள் விடாதீர்கள். தடவிவிட்டு வண்டியைப் பிடியுங்கள். சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் இன்சுலின் இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும், திரும்ப விழும், அதனால் டாக்டர் பார்த்தாக வேண்டும். அடுத்த ஊசி அவர் சொல்லாமல் கிடையாது.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. சாப்பிட மறுப்பு, வாந்தி, சோர்ந்து கிடப்பது, மூச்சில் அழுகிய பழ வாசனை. இது கீட்டோன் ஏறியிருப்பதன் அறிகுறி, காலை வரை காத்திருக்கக்கூடாது. மருந்துக் கடையில் கிடைக்கும் கீட்டோன் சிறுநீர்ப் பட்டை ஒரு டப்பா வீட்டில் இருக்கட்டும்.

பல் தேய்ப்பது

சிரிக்காதீர்கள். புண் ஆறி, டாக்டர் சரி சொன்னபிறகு மட்டும் தொடங்குங்கள், வலிக்கிற வாயில் பிரஷை விட்டால் அதோடு உங்கள் உறவு முடிந்தது. முதல் வாரம் கோழித் தண்ணீரில் தொட்ட விரலை உதட்டுக்கு உள்ளே ஒரு தடவல், அவ்வளவுதான். அடுத்த வாரம் விரலில் மெல்லிய துணி. அதன்பிறகு கைக்குழந்தைக்கான மிருதுவான பிரஷ், பூனைக்கென்று விற்கும் பற்பசை. வெளிப்பக்கம் மட்டும் போதும், அதிலும் மேல்வரிசைக் கடைவாய்ப் பற்கள் முக்கியம், உள்பக்கத்தை நாக்கு பார்த்துக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு 20 நொடி. தினமும் செய்தால்தான் பலன், பல்லில் படிகிற படலம் இரண்டு மூன்று நாளில் கல்லாக இறுகிவிடும், அதன்பிறகு பிரஷ் தேய்க்கத் தேய்க்க ஈறுதான் புண்ணாகும்.

உலர் உணவைக் கடித்தால் பல் சுத்தமாகும் என்பார்கள். சாதாரண உலர் உணவு எதையும் சுத்தம் செய்யாது, பல்லுக்கென்றே செய்த பெரிய உருண்டைகள் கொஞ்சம் உதவும், ஆனால் அவற்றில் மாவுச்சத்து அதிகம், நம் பூனைக்கு ஆகாது. கோழி எலும்பு வேண்டவே வேண்டாம், வேகவைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும்.

ஊசி இருந்த நாள்களில் எங்கள் வீட்டில் 7 மணிக்குச் சாப்பாடு, ஊசி, பிரஷ், கடைசியில் ஒரு துண்டுக் கோழி. அந்தத் துண்டுக்காகத்தான் ஊசியையும் பிரஷையும் பொறுத்துக்கொண்டான்.

ஊருக்குப் போவது, ஊசி நின்றபிறகு

12 மணி நேரக் கணக்கு என்றால் கல்யாணம் காட்சிக்குக்கூட நிம்மதியாகப் போக முடியாது என்பது உண்மை. அரை மணி, ஒரு மணி முன்பின் ஆனால் ஒன்றும் ஆகாது. ராத்திரி தங்குகிற பயணம் என்றால் பக்கத்து வீட்டில் ஒருவருக்கு ஒரு வாரம் முன்பே ஊசி போடப் பழக்கிவிடுங்கள், எங்களுக்கு மாடி வீட்டு அக்கா. அவருக்கு நான் சொன்னது ஒன்றுதான்: சாப்பிடாவிட்டால் ஊசி போடாதீங்க, எனக்கு போன் பண்ணுங்க.

பூசணிக்கு இப்போது ஊசி இல்லை. பல் பிடுங்கி நாலு மாதத்தில் மூன்று யூனிட் இரண்டாகி, ஒன்றாகி, அரையாகி நின்றது. எல்லாப் பூனைக்கும் இப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன், நின்றாலும் திரும்ப வரலாம், அதனால் வாரம் ஒரு தடவை காதில் குத்திப் பார்க்கிறோம், மாதம் ஒரு தடவை எடை, வருஷத்துக்கு இரண்டு தடவை டாக்டர் வாயைப் பார்க்கிறார். அவனுடைய ஃபைல் அட்டையில் சிவப்பு மையில் அம்மா எழுதிவைத்திருக்கிறார்: "சர்க்கரை இருந்த பூனை. ஸ்டீராய்டு போடும் முன் கேட்கவும்."